ஆறு தொட்டி, அரை மணி நேரம்: செட்டிநாட்டு வீட்டில் மனபாரம் இறக்க ஒரு சின்னத் தோட்டம்

எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். அப்பச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு, காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில். இருப்பது மூன்று பேர். பகலெல்லாம் மருந்து, உடற்பயிற்சி, கஞ்சி, நடுநடுவே கணினி. ராத்திரி மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. வருஷக் கணக்கு முடிக்கிற மாதத்தில் சின்னச் சத்தம் கேட்டால்கூட நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆச்சி கொல்லைக் கதவைத் தட்டி, ஓட்டை வாளி ஒன்றில் நான்கு மிளகாய் நாற்று நட்டுக் கொடுத்தார். “சாயங்காலம் தண்ணி மட்டும் ஊத்து ஆத்தா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார்.

மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். விளைச்சலுக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு வேறு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. இது, மனசு களைத்துப்போய், எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தவிக்கிறவர்களுக்கு.

முதலில் அளவு

முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பு, நான்கு மிளகாய்ச் செடி காய்த்த சந்தோஷத்தில் தொட்டிகளை இருபத்தாறாக ஆக்கியது. ஆடியில் ஆரம்பித்தேன். தை வரை நன்றாக இருந்தது. மாசி பிறந்து வெயில் ஏறியதும் தண்ணீர் ஊற்றவே ஒரு மணி நேரம் பிடித்தது. அப்பச்சிக்கு மருந்து கொடுக்கிற நேரமும் தண்ணீர் ஊற்றுகிற நேரமும் மோதின. பங்குனியில் பாதிச் செடி காய்ந்தது. காய்ந்த செடிகளைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு மாதம் கொல்லைப் பக்கமே போகவில்லை. பாரத்தை இறக்க வந்த இடமே பாரமாகிவிட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் வருஷம் மூன்று தொட்டி. அதிகபட்சம் ஆறு. ஒரு நாளைக்கு அரை மணி நேரத்தில் எல்லா வேலையும் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் செடி அதிகம் என்று அர்த்தம். உங்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று அர்த்தமில்லை.

அரை மணி என்று சும்மா சொல்லவில்லை. 2011-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. தோட்டப் பழக்கம் உள்ள 30 பேருக்கு முதலில் மனசை அலைக்கழிக்கிற ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அப்புறம் பாதிப் பேரை 30 நிமிஷம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னார்கள். மீதிப் பேரை வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். பதற்றத்தின்போது உடம்பில் ஏறுகிற கார்ட்டிசோல் என்ற சுரப்பை எச்சிலில் அளந்து பார்த்தபோது, இரண்டு கூட்டத்துக்கும் இறங்கியிருந்தது. ஆனால் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அதிகமாக இறங்கியிருந்தது, மனநிலையும் பழையபடி திரும்பியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முதல் பத்து நிமிஷம் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இருபதாவது நிமிஷம் போல, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றிருக்கும்.

இடமும் நேரமும்

தொட்டி வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். காய்கறிக்கு ஐந்து ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும்.

நம் வீடுகளில் வளவின், அதாவது உள்கட்டின், நடுமுற்றம் நல்ல இடம். மதிய வெயில் மட்டும் நேராக இறங்கும், காலையும் மாலையும் கூரை நிழல் விழும். கீரை, துளசி, மல்லிகைக்கு அது போதும். கத்தரிக்கும் வெண்டைக்கும் கொல்லைதான் சரி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தொட்டியை நேராக வைக்காதீர்கள். அடியில் ஈரம் தங்கிக் கறை ஏறிவிடும், அப்புறம் எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. ஈரமான அந்தக் கல்லில் வயதானவர்கள் வழுக்கியும் விழுவார்கள். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் பால்கனியில் மூன்று தொட்டி வைத்தாலே போதும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் மாலை வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒரு மனை போடுங்கள். பலகையோ, கவிழ்த்த வாளியோ, துவைகல்லோ, எதுவானாலும் சரி. செடி பக்கத்தில் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும். நின்றுகொண்டே தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடுகிறவர்களுக்கு இந்த வேலையின் பலனில் பாதிகூடக் கிடைக்காது.

நேரம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். காலை எட்டுக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். கைபேசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்க வேண்டும் என்று தோன்றினால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

மண்: புட்டு மாவுப் பதம்

எங்கள் சீமை மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் செம்புறை மண்ணும் பார்க்க அழகு. இரும்புச் சத்தினால் வந்த சிவப்பு அது. ஆனால் மட்கு குறைவு. காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும். தரையில் குழி போட நினைத்தால் முதல்நாள் ராத்திரியே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் காலையில் கடப்பாரையைப் போடுங்கள். காய்ந்த மண்ணில் மல்லுக்கட்டி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தொட்டிக்கு நான் போடுகிற கலவை: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவையும் அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். தொழுவுரம் மட்கியதா என்று மூக்கே சொல்லிவிடும். சாணி வாடை அடித்தால் இன்னும் மட்கவில்லை, அது வேரைச் சுட்டுவிடும். மழை பெய்த மண் மாதிரி மணந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றையும் சாக்கின் மேல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் பிசறுங்கள். இதை மண்வெட்டியால் செய்யாதீர்கள். புட்டுக்கு மாவு பிசறியிருப்பீர்கள் அல்லவா, அதே பதம்தான். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதம் வருகிற நேரத்தில் உள்ளங்கையில் ஒரு குளிர்ச்சி ஏறும். விரல் இடுக்கில் நார், நகத்துக்குள் செம்மண். என் பெரியம்மா மகள் பல மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவள். இங்கே வந்திருந்தபோது ஒரு மணி நேரம் மண் மட்டும் பிசறினாள், ஒரு செடியும் நடவில்லை. அன்று சாப்பிட்டதும் பட்டாலையில் பாய் விரித்து, மாலை விளக்கு வைக்கும் வரை தூங்கினாள்.

ஈர மண்ணில் வரும் வாசனைக்கு ஜியோஸ்மின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற பொருள் அது. மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

தொட்டியைப் பொறுத்தவரை, மிளகாய்க்கும் கத்தரிக்கும் 12 அங்குல அகலமும் ஆழமும் வேண்டும். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும், ஆனால் பரந்து இருக்க வேண்டும். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். கறுப்பு நிறப் பைகள் பங்குனி வெயிலில் கொதித்துப்போகும். பெயின்ட் வாளியானாலும் பரவாயில்லை, அடியில் நான்கைந்து துளை போட்டு, துளைமேல் ஓட்டுச்சில் வையுங்கள். பரணில் இருக்கும் பழைய ஜாடியிலும் பித்தளை அண்டாவிலும் துளை போட மட்டும் போகாதீர்கள்.

மூன்று செடி: ஒன்று சீக்கிரம், ஒன்று மெதுவாக, ஒன்று மணக்க

முதல் மூன்று தொட்டிக்கு என்ன செடி என்று என்னைக் கேட்டால், நான் விளைச்சலைப் பார்க்க மாட்டேன். வாடிய மனசுக்குச் சீக்கிரமே கண்ணில் படும்படி ஏதாவது நடக்க வேண்டும். அதனால் ஒரு கீரை. தினமும் எட்டிப் பார்க்க ஒரு காரணம் வேண்டும். அதனால் மெதுவாக வரும் ஒரு காய். உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மூக்குக்கு எட்டுகிற மாதிரி ஒரு மணம்.

கீரையில் சிறுகீரையோ வெந்தயக்கீரையோ போடுங்கள். இரண்டும் 20 முதல் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். சிறுகீரை விதை தூள் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி மணல் கலந்து தூவினால்தான் பரவலாக விழும். மேலே மெல்லிசாக மண் தூவி, பூவாளியால் நனைத்து, மூன்று நாளைக்கு ஒரு ஈரச்சாக்கைப் போட்டு மூடி வையுங்கள். திறந்து வைத்தால் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும்.

வெண்டை மெதுவான செடி இல்லைதான், 45 நாளில் காய்த்துவிடும். ஆனால் முளைப்பதைப் பார்க்க வெண்டையை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கட்சி. விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, விரல் நகம் மறையும் ஆழத்தில் ஊன்றுங்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் போய்க் குனிந்து பார்த்தால், மண்ணின் மேலேடு ஒரு இடத்தில் லேசாக வெடித்திருக்கும். வெடிப்பின் நடுவே வெளிர்பச்சையாக ஒரு வளைந்த கழுத்து. தலை இன்னும் மண்ணுக்குள் இருக்கும். எட்டு மணி வெயில் பட்டதும் அந்தக் கழுத்து மெல்ல நிமிர ஆரம்பிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ப் பார்த்தால் விதைத்தோலை ஒரு பக்கம் குல்லா மாதிரி மாட்டிக்கொண்டு இரண்டு இலையும் விரியக் காத்திருக்கும். குல்லாவைக் கழற்றிவிடக் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், தானாகவே உதிரும்.

மெதுவானதற்கு மிளகாயோ கத்தரியோ வாங்குங்கள். விதையிலிருந்து வளர்க்காமல் நாற்றாகவே வாங்கி நடுங்கள். முதல் தடவைக்கு அது போதும். வாரச்சந்தையிலும் நாற்றுப் பண்ணைகளிலும் கிடைக்கும். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டக்கலைத் துறை அலுவலகம் உண்டு. விதை, மண் பரிசோதனை என்று எது கேட்டாலும் அங்கே விவரம் சொல்வார்கள். நாற்றை மாலையில் நடுங்கள். காலையில் நட்டால் அன்றைய வெயிலிலேயே துவண்டுவிடும், அதைப் பார்த்து நீங்களும் துவண்டுவிடுவீர்கள்.

மணத்துக்கு மல்லிகையோ துளசியோ வையுங்கள். கொல்லையில் தரை இருந்தால் பவளமல்லி. அது ராத்திரியில் பூத்து விடியலில் உதிரும். மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் அது பெரிய துணை. படுத்துப் புரள்வதை விட்டுவிட்டு எழுந்து போய், இருட்டில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவேன். விடிந்ததும் தரையில் கிடக்கும் பூவைப் பொறுக்குவது அன்றைய முதல் வேலை.

அரளி மட்டும் வேண்டாம். நம் ஊரில் கோயில் நந்தவனமெல்லாம் அரளிதான், வறட்சி தாங்கும், பூவும் அழகு. ஆனால் வேர், இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. மனம் சரியில்லாதவர்களோ குழந்தைகளோ இருக்கிற வீட்டில் அது இருக்கக் கூடாது. பூச்சிமருந்து டப்பாவும் அப்படித்தான், வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வேலை

புதியவர்கள் கொல்லும் செடிகளில் பாதி தண்ணீர் போதாமல் சாகிறது, பாதி தண்ணீர் அதிகமாகிச் சாகிறது. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். அதனால் இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளையில் சொட்டும் வரை ஊற்றுங்கள். மேலோடு தெளித்துவிட்டுப் போவதால் வேரும் மேலோடு நின்றுவிடும்.

இதை நான் ஆச்சியிடம்தான் கற்றேன். என் கத்தரி தினமும் வாடியது. “தினம் ஊத்துறேனே ஆச்சி” என்றேன். ஆச்சி குனிந்து மண்ணைக் கீறிக் காட்டினார். மேலே ஒரு அங்குலம் ஈரம், கீழே மாவாகப் பொடி. “அவசரத்துல ஊத்துறே ஆத்தா. மண்ணு குடிக்கிற வரைக்கும் நிக்கணும்ல” என்றார்.

மண் குடிக்கிற வரைக்கும் நிற்பது. சொம்பால் கொஞ்சம் ஊற்றுங்கள். தண்ணீர் மேலே தேங்கும், குமிழி விடும், ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்கும், இறங்கும். அப்புறம் அடுத்த சொம்பு. குழாயில் பிடித்தால் இந்தச் சத்தம் கேட்காது. ஆறு தொட்டிக்கும் சொம்பால்தான் நான் ஊற்றுகிறேன். மூச்சும் அந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. தனியாக மூச்சுப் பயிற்சி செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு ஒட்டவில்லை. இது ஒட்டியது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளையாகப் படியும். அப்படியென்றால் மாதம் ஒரு தடவை மழைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள். நம் முன்னோர் கூரையை வளவுக்குள் சாயும்படி கட்டியதே முற்றத்தில் இறங்கும் மழையைப் பிடிக்கத்தான். ஐப்பசியில் மூலைக்கு ஒரு அண்டாவோ ட்ரம்மோ வைத்தால் போதும். கொசு வராமல் துணி கட்டி மூடுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் நல்லது. அந்தத் தண்ணீரில் வைக்கிற குழம்பை எங்கள் பக்கம் மண்டி என்போம். வெண்டைக்காய் மண்டிக்கு எடுத்தது போக மிச்சத்தை நான் செடிக்குத்தான் ஊற்றுகிறேன்.

மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் எதையாவது இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

எந்த மனநிலைக்கு எந்த வேலை

தோட்ட வேலை எல்லாமே மனசுக்கு ஒரே மாதிரி மருந்தல்ல. இது என் சொந்தக் கணக்கு, நீங்கள் செய்து பார்த்து உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

கோபம் வந்தால் தரையைக் கொத்துங்கள். கொல்லை ஓரத்தில் ஒரு முழ இடத்தை நான் அதற்காகவே வைத்திருக்கிறேன். களைக்கொத்தால் பத்து நிமிஷம் கொத்தினால் வியர்த்துவிடும், வியர்த்தால் பாதி போய்விடும்.

பதற்றம், படபடப்பு என்றால் கைவிரல் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டும். களை பிடுங்குங்கள். கோரைக் கிழங்கை வேரோடு எடுக்க நிதானம் வேண்டும், இழுத்தால் மேல் இலை கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே இருக்கும். கீரை கிள்ளி ஆய்வதும் இப்படிப்பட்ட வேலைதான்.

எதுவுமே பிடிக்காமல், எழுந்திருக்கவே தோன்றாமல் இருக்கும் நாளில் பெரிய வேலை எடுக்காதீர்கள். ஒரு தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர். அவ்வளவுதான். அது முடிந்தால் மனையில் உட்காருங்கள். பார்த்துக்கொண்டிருப்பதும் வேலைதான். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-ல் எழுதியதைப் படித்தேன். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டதாம். அதைப் படித்த அன்றே அப்பச்சியின் கட்டிலை கொல்லை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம்.

இப்போது மாலையில் அப்பச்சியை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். காய்ந்த அவரை நெற்றை மடியில் கொட்டினால் இடது கையால் ஒவ்வொன்றாக உடைத்து விதை எடுப்பார். ஒரு நெற்றுக்கு ஒரு நிமிஷம் ஆகும். யாரும் அவசரப்படுத்த மாட்டோம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: அவர்களுக்கும் ஒரு சின்ன வேலை கொடுங்கள். உங்கள் பாரமும் சேர்ந்து குறையும்.

பூச்சியும் சாவும்

செம்பருத்தியிலும் கத்தரியிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக அப்பினால் அது மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருந்தால் பழைய பல்விளக்கியால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சிவிடுங்கள். அதிகமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒரு தடவை. மயில் வந்தால் கீரை மிஞ்சாது. எங்கள் ஊரில் மயில் கோழியைப் போல் திரிகிறது. பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள், விரட்டிக் கொண்டு திரிய வேண்டாம்.

இவ்வளவு செய்தும் செடி சாகும். ஏற்கெனவே நொந்திருக்கிற மனசு, ‘என் கை பட்டால் எதுவும் விளங்காது’ என்று உடனே சொல்லும். அந்தச் சொல்லை நம்பாதீர்கள். செத்த செடியை அன்றே வேரோடு எடுத்து வேரைப் பாருங்கள். அழுகிக் கறுத்திருந்தால் தண்ணீர் அதிகம். பொடிந்து காய்ந்திருந்தால் தண்ணீர் குறைவு. வெள்ளைப் புழு சுருண்டிருந்தால் வேர்ப்புழு. காரணம் கையில் கிடைத்துவிட்டால் பழி உங்கள் மேல் நிற்காது. செடியை மட்குக் குழியில் போட்டுவிட்டு, அன்றே அந்தத் தொட்டியில் கீரை விதையைத் தூவுங்கள். தொட்டியை வெறுமையாக விடாதீர்கள்.

எப்போது தொடங்குவது

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தொட்டிக்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் தொடங்கினால் காய்கறிக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை அடித்துப் பெய்யும்போது கீரை விதை தூவாதீர்கள், கரைந்து ஓடிவிடும். மார்கழியும் தையும்தான் இங்கே தோட்டத்தில் உட்கார மிகச் சுகமான மாதங்கள். தக்காளி, அவரை, கொத்தமல்லி எல்லாம் அப்போது எளிதாக வரும். சித்திரைக் கடைசியிலும் வைகாசி முதல் பாதியிலும், கத்திரி வெயில் அடிக்கும்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இருக்கிற செடியை நிழலுக்கு நகர்த்தி உயிரோடு வைத்திருந்தாலே போதும்.

சில எச்சரிக்கைகள்

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். அடுக்கி வைத்த ஓட்டிலும் விறகிலும் தேளும் பாம்பும் இருக்கும். தொட்டியைத் தூக்கும்போது உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், அடியில் ஏதாவது இருந்தால் எதிர்ப்பக்கம் ஓடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டம் தோள் கொடுக்கும், ஆனால் சிகிச்சைக்குப் பதிலாக நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நானும் மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையும் சாப்பிட்டேன், செடிக்குத் தண்ணீரும் ஊற்றினேன்.

ஊருக்குப் போகும்போது

கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற குடும்ப வழிபாடு) என்று நான்கு நாள் வெளியூர் போக வேண்டி வந்தால் செடியை நினைத்துக் கவலைப்படாமல் போக ஒரு வழி உண்டு. கிளம்புகிற அன்று எல்லாத் தொட்டியையும் நிழலில் ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். அடித்துளை சொட்டும் வரை ஊற்றுங்கள். மூடாக்கை இரட்டிப்பாகப் போடுங்கள். நடுவில் உயரமான முக்காலி மேல் ஒரு குடம் தண்ணீர் வைத்து, பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து, ஒரு நுனி குடத்துக்குள்ளும் மறுநுனி தொட்டி மண்ணுக்குள்ளும் இருக்கும்படி விடுங்கள். திரியை முதலில் நனைத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைவிட நல்ல ஏற்பாடு, கொல்லைச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது. போன மாசியில் படைப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். குடத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. திரியை எடுத்துக் கொடியில் காயப் போட்டிருந்தது. ஆறு தொட்டியும் நனைந்திருந்தன. சிறுகீரை இருந்த தொட்டி மட்டும் ஒட்டக் கிள்ளப்பட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சியின் குரல்: “முத்திப் போயிரும்னு நான்தான் கிள்ளிட்டேன் ஆத்தா. மண்டி வச்சிருக்கேன், கிண்ணம் எடுத்துட்டு வா.”